டெய்லர் அக்கா எடுத்த படங்கள்

என் அறையில் ஆணியில் தொங்கும் கேமராவின் பட்டி எனக்குப் போதாது. கழுத்தில் மாட்டினால் கேமரா நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். குனிந்தால் தாடையில் இடிக்கும். பட்டியின் ஒரு பக்கத்தை ஒரு சாண் நீளத்துக்கு மடித்து, அரக்கு நிற நூலால் இரண்டு வரிசை தையல் போட்டிருக்கிறது. பிளேடு ஒன்று இருந்தால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். நான்கு வருடமாக நான் பிரிக்கவில்லை. கேமராவின் தலையில் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதற்குள் எண் இருபத்திரண்டில் நிற்கிறது. அதையும் நான் மாற்றவில்லை.

அது படம் எடுக்காத கேமரா. மாமல்லபுரத்தில் நான் வேலை பார்த்த லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரர் அறையைக் காலி செய்யும்போது குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது. ஃபிலிம் போடும் அந்தக் காலத்துச் சாமான். உள்ளே கண்ணாடி உடைந்திருந்தது, லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. ஆனால் மேலே இருக்கும் கம்பியை இழுத்துப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வரும், சன்னலில் எண் ஒன்று கூடும். பின்கதவைத் திறந்து மூடினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் அதன் உயிர். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டது படத்துக்காக இல்லை, பாஸ்போர்ட்டுக்காக.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் கூடுதலாக ஒரு வரி அச்சாகி வரும். வளைகுடா, மலேசியா, தாய்லாந்து என்று ஒரு பட்டியல் உண்டு. அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்த வரியின் பொருள். ஏஜெண்டிடம் ஏமாந்து போய் அங்கே மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஊர் பார்க்கப் போகிறவனுக்கு அது தடையும் இல்லை. ஆனால் இவன் ஊர் பார்க்கத்தான் போகிறான் என்று விமான நிலையத்துக் கவுண்டரில் இருப்பவர் நம்ப வேண்டும். செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டிக் காய்த்துப்போன கையை நீட்டி “டூரிஸ்ட் சார்” என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை. முதல் தடவை என்னை இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். அடுத்த தடவை கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். நிமிர்ந்து பார்த்து முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதன் பிறகு அது இல்லாமல் நான் விமானம் ஏறியதில்லை.

நான் போகும் விதம் பலருக்கும் பிடிபடாது. இன்ன நாட்டுக்கு என்று முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடுவதில்லை. மலிவாக எது கிடைக்கிறதோ அந்த ஊர்தான் அந்த வருடத்து ஊர். மார்ச்சில் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் போனதும் லாட்ஜ் காலியாகிவிடும். அப்போதிலிருந்து போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன். செவ்வாய், புதன் என்று யாரும் விரும்பாத நாளில் யாரும் விரும்பாத நேரத்துக்கு ஒன்று அகப்படும். அடுத்த வாரம் கிளம்பிவிடுவேன். தோளில் ஒரு பை, அதில் ஒரு வாரத்துக்குச் சத்துமாவு. படுக்கை வரிசையாகப் போட்ட ஹாஸ்டல்களில் தங்குவேன். அங்கே படுக்கை விரிப்புத் துவைப்பது, சுவருக்கு வண்ணம் அடிப்பது என்று தினம் இரண்டு மணி நேரம் கை கொடுத்தால் வாடகை கேட்க மாட்டார்கள். ஒரு தடவை வியட்நாமில் காய்ச்சல் வந்து நான்கு நாள் அப்படி ஒரு படுக்கையில் கிடந்தேன். மூட்டைப்பூச்சி கடித்தது காய்ச்சலில் தெரியவில்லை. இதையெல்லாம் கஷ்டம் என்று நான் நினைத்ததில்லை. சவுக்குத் தோப்பில் இதைவிட மோசமாகப் படுத்திருக்கிறேன்.

லாட்ஜுக்கு எதிரில்தான் டெய்லர் அக்காவின் கடை. மிஷினும் அக்காவும் போக ஒருவர் நிற்க இடம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் போடும் தொளதொள பேண்ட், காலர் இல்லாத சட்டை, எல்லாம் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள். அக்காவுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை வரும். வந்தவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிற்க வைத்து, டேப்பைப் போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவாள். “முப்பது நாட்டு இடுப்பு என் கையில கீது” என்பாள். அவளுடைய அம்மா கடப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். அக்கா ஐந்தாவது படித்து, சர்ச்சில் நடந்த தையல் வகுப்பில் மிஷின் பழகி, கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தவள். புருஷன் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகன் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு செங்கல்பட்டில் வீடு எடுத்திருந்தான்.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் கிழிந்ததையெல்லாம் அவளிடம் கொண்டுபோய்ப் போடுவேன். அவள் பேண்ட்டை உதறிக்கொண்டே கேட்பாள்.

“இன்னா தொர, இது எந்த ஊரு மண்ணு?”

“கம்போடியாக்கா.”

“அங்க இன்னா வேல உனக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா குந்தறதுக்கு இங்க எடமே இல்லியா? கடற்கர எம்மாம் நீளம் கீது.”

இது வருடா வருடம் நடக்கும் பேச்சு. ஒரு ஏப்ரலில் மட்டும் அவள் சிரிக்கவில்லை. பேண்ட்டின் முழங்காலில் ஒட்டுத் துணி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “நானும் ஒரு வாட்டி அப்டி சும்மா போவணும்டா. தனியா. என்னைய யாருன்னே தெரியாத எடத்துக்கு.” மருமகளுக்கு மூன்று மாதம். அக்டோபரில் பிள்ளை பிறந்துவிடும். கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விடுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். “பேரப்புள்ள வந்துட்டா அப்பறம் நான் எங்க நவுர்றது? போனா இப்பதான். இல்லன்னா இல்ல.” ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் யாராவது ஏன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, அதனால் நானும் அடுத்தவரிடம் கேட்பதில்லை.

அவளுடைய பாஸ்போர்ட் ஒரு மாதத்தில் வந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், துபாயில் வீட்டு வேலைக்கா என்று கேட்டாராம். மகன் போனில், “இன்னா ஆச்சு உனக்கு, ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம். அக்கா பாஸ்போர்ட்டை என்னிடம் காட்டினாள். எனக்கு இருக்கும் அதே வரி அவளுக்கும் இருந்தது. அதை ஈ.சி.ஆர். என்று சொல்வார்கள் என்றேன். “கடலோரமா நம்ம பஸ் போற ரோடாச்சே அது, அத்த எதுக்கு இதுல போட்டு வெச்சிகிறான்?” என்றாள்.

பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். வாழ்க்கையில் நான் திட்டமிட்ட ஒரே பயணம் அது. மலேசியாவில், பினாங்கில் ஒரு சீனத்து அம்மாள் நடத்தும் ஹாஸ்டலில் நான் இரண்டு முறை தங்கியிருக்கிறேன். அங்கே தமிழ் பேசினாலே சாப்பாடு கிடைத்துவிடும், அக்காவுக்குச் சிரமம் இருக்காது. அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். திரைச்சீலையெல்லாம் கிழிந்து தொங்குவதாகவும், ஒரு பழைய தையல் மிஷின் மூலையில் கிடப்பதாகவும், தினம் இரண்டு மணி நேரம் தைத்துக் கொடுத்தால் பத்து நாளும் சும்மா தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைக்காரன்கூட இவ்வளவு மலிவாகப் போக மாட்டான். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். “அங்கயும் மிஷினா?” என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். “சரி. நாலு ஊரு பாத்தவன், நீ சொன்னா சரியாதான் இருக்கும்” என்றாள்.

கேமராவை மாட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “செத்த கேமராவ மாட்டிகினு ஒருத்தர ஏமாத்தணுமா? எனக்கு வேணாம்பா.” கவுண்டரில் எதற்குப் போகிறாய் என்று கேட்டால் ஊர் பார்க்க என்று மட்டும் சொல்லச் சொன்னேன். வேறு எதைச் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஹாஸ்டலில் விரிப்புத் துவைப்பதை நான் எந்தக் கவுண்டரிலும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று முடிவு செய்து மறைத்ததும் இல்லை. அது வாயில் வராமலே பழகிவிட்டது.

ஜூனில் ஒரு புதன்கிழமை. காலை பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயிலில் விமான நிலையத்துக்கு எதிரில் திரிசூலத்தில் இறங்கினோம். அக்கா புதுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். போக வர டிக்கெட் இரண்டும் அச்செடுத்துக் கையில் கொடுத்திருந்தேன். வாசலில் நின்ற காவலர் பார்த்து உள்ளே விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். விமானம் கிளம்பும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிளம்பிவிட்டது என்று பலகையில் வந்தது. எழுந்தேன். அப்போது அக்கா வேறொரு வாசல் வழியாக, அதே பையோடு, வெளியே வந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “நாஸ்தா துன்னியா?”

திரும்பும் ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியது. பிறகு அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“இன்னாத்துக்குமா போறன்னு கேட்டான். ஊரு பாக்கன்னேன். எங்க தங்குவன்னான். ஒரு சீனத்தம்மா வூட்ல, தெனம் ரெண்டு மணி நேரம் தச்சுக் குடுத்தா வாடக கெடையாதுன்னேன். அவன் எழுந்துகினு போயி ஒரு பொண்ண இட்டாந்தான். அது ஆபீசரு. பைய தொறந்து காட்டுங்கம்மான்னுச்சு.”

பையில் இரண்டு சேலைக்கு அடியில் அவளுடைய பெரிய கத்திரிக்கோல், டேப், சாக்குக்கட்டி, பாபின், ஆறு நூல்கண்டு. கையில் எடுத்துப் போகும் பையில் அவ்வளவு பெரிய கத்திரிக்கோலை எப்படியும் அடுத்த சோதனையில் பிடுங்கியிருப்பார்கள். அதைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

“கத்திரி எதுக்குக்கா எடுத்தே?”

“அடுத்தவ கத்திரில துணி வெட்னா எனக்குக் கை வராது. வேலன்னு போனா ஒழுங்கா செய்யணும் இல்ல?” பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். “ஊரு பாக்கப் போறவங்க கத்திரி எடுத்துகினு போவாங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுது. அது மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டது சரியான கேள்விதான்.”

அந்த வருடம் சீசன் முழுக்க எங்கள் லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தங்கியிருந்தாள். காலையில் மொட்டைமாடியில் விருந்தினர்களுக்கு யோகா சொல்லிக் கொடுப்பாள், அறை இலவசம். அவளை எந்தக் கவுண்டரிலும் யாரும் எழுந்து போய் ஆபீசரை அழைத்து வந்து கேட்டிருக்க மாட்டார்கள். இதை நான் அக்காவிடம் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. அவள், “அத்த வுடு” என்றாள். அன்று நான்கு மணிக்கே கடையைத் திறந்து, பாதியில் கிடந்த ஒரு பேண்ட்டுக்கு எலாஸ்டிக் கோத்து முடித்தாள். கனகாம்பரம் தலையில் அப்படியே இருந்தது.

எனக்கு அதன் பிறகு அந்தத் தெருவில் நடக்கச் சங்கடமாக இருந்தது. நான் செய்யக்கூடியதைச் செய்தேன், கிளம்பிவிட்டேன். ரயிலிலேயே கோரக்பூர் போய், நேபாளத்துக்குப் பஸ் ஏறினேன். ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“டேய் தொர, அந்தப் பட்டியல்ல இலங்க இல்லியாமே?”

இல்லைதான். அந்த வரி இலங்கைக்குப் பொருந்தாது. பினாங்கின் இலவசப் படுக்கை என் கண்ணை மறைத்ததில் பக்கத்தில் இருக்கும் நாடு எனக்குத் தோன்றவே இல்லை. துணி தைக்க வந்த ஒரு வாடிக்கையாளரை வைத்து அவளே எல்லாம் செய்து முடித்திருந்தாள். நுழைவு அனுமதி வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று. “பொதங்கெழமதான். கொறைவா கெடைக்கும்னு நீதான சொன்ன.” பிறகு அந்தக் கேமராவைக் கேட்டாள்.

“ஏமாத்த மாட்டேன்னியேக்கா?”

“ஏமாத்தறதுக்கு இல்லடா. படம் எடுக்க.”

“அது எடுக்காதே.”

“எனக்குத் தெரியாதா? குடு.”

கொடுத்தேன். கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு அது வயிற்றுக்குக் கீழே ஆடியது. அங்கேயே பட்டியை ஒரு சாண் மடித்து மிஷினில் கொடுத்து இரண்டு ஓட்டு ஓட்டினாள். பின்கதவைத் திறந்து மூடி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். மறு புதன்கிழமை யாரையும் துணைக்கு அழைக்காமல் போனாள். கடைக் கதவில் சாக்குக்கட்டியால் ‘ஊருக்குப் போயிருக்கேன்’ என்று எழுதியிருந்தது. கடப்பாக்கம் போயிருக்கிறாள் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

எட்டு நாள் கழித்து வந்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “டீ நல்லா கீது அங்க” என்றாள். அக்டோபரில் பேத்தி பிறந்தாள். அக்கா மிஷினை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போய்விட்டாள். அந்தக் கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள்.

நான்கு வருடம் கழித்து, சென்ற தை மாதம், ரயிலுக்கு நேரம் இருந்ததால் செங்கல்பட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். முன்னறையில் மிஷின், அதன்மேல் அக்கம்பக்கத்து வீடுகளின் ரவிக்கைத் துணிகள். பேத்தி டேப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். இலங்கையில் என்னதான் பார்த்தாய் என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

“ஒன்னும் பாக்கல. மலமேல ஒரு ஊர்ல ரூம் எடுத்தேன். காசு குடுத்துதான். ஏழு மணிக்கு எழுந்துகுவேன், நடப்பேன், டீ குடிப்பேன், குந்துவேன். அவ்ளோதான்.” பிறகு தையலை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “எட்டு நாளும் ஒரு தையல் போடலடா. ஒரு நாளு பஸ்ல ஒரு பொண்ணு எம்முன்னாடி நின்னுகினு வந்துது. சுடிதாரு தோள்பட்டைல பிரிஞ்சு கீது. ரெண்டு தையல், ரெண்டே தையல். எனக்குக் கை துறுதுறுங்குது. ரெண்டு கையயும் கட்டிகினு குந்திகினேன். அது எறங்கிப் போற வரிக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். தோள் குலுங்கியது.

‘அங்கயும் மிஷினா’ என்று அவள் கேட்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது என்ன என்பதை அந்த ஒரு கேள்வியில் சொல்லியிருந்தாள். நான் மலிவான வழியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், சவுக்கு வெட்டுகிறவனை ஊர் பார்க்கவென்று இன்னொரு சவுக்குத் தோப்புக்கு அனுப்புவதுபோல, அவளை இன்னொரு மிஷினுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். வேலைக்குத்தான் போகிறாள் என்று அவளைக் கவுண்டரில் திருப்பி அனுப்பியவர்கள் என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இதை அவளிடம் சொல்ல வாயெடுத்து, வேறொன்றைக் கேட்டேன்.

“இருபத்திரண்டு படம் எடுத்திருக்கே. என்னென்ன?” என்றேன்.

“எண்ணிப் பாத்தியா?” என்று முகம் மலர்ந்தாள். விரலை மடக்கிக்கொண்டு சொன்னாள். டீக்கடையில் ஒரு நாய் தூங்கியது ஒன்று. மழை நின்றதும் ரோட்டில் புகை எழுந்தது ஒன்று. ரூமில் அவளுக்காகப் போட்டிருந்த கட்டில் ஒன்று. திரும்பும்போது கடற்கரையில் நின்று எடுத்தது மூன்று: “நம்ம கடலுதான். முதுகுப் பக்கத்துலேர்ந்து பாத்தேன்.” ஒரு டெய்லர் கடை, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி எடுத்தது. “உள்ள போவல” என்றாள். மீதியை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதற்குள் பேத்தி டேப்பின் நுனியை வாயில் வைத்துவிட்டாள். எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நான் மாறிவிடவில்லை. இப்போதும் விரிப்புத் துவைத்துத்தான் தங்குகிறேன். எனக்கு அது ஒத்துவருகிறது. சென்ற மாதம் பினாங்குக்கு ஒரு டிக்கெட் அகப்பட்டது. கேமராவை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு என் தாடைக்குக் கீழே முட்டிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார்.

“பட்டி ரொம்பச் சின்னதா இருக்கே?”

“அது வேறொருத்தங்க அளவு சார்.”

அவர் முத்திரை குத்தினார். பொத்தானில் விரல் பட்டுவிடாமல் கேமராவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து பையை எடுத்தேன்.